கணினியை மாற்றுவதா, தட்டை மாற்றுவதா?

காலை ஆறு மணிக்கு மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு என் மகள் பல் துலக்கச் செல்வாள். அவள் திரும்பி வந்து, காபி குடித்து, நாளிதழின் முதல் பக்கத்தை மேய்ந்து முடிக்கும்வரை திரையில் அந்தச் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒருநாள் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டேன். கணினி விழித்தெழுந்து, உலாவி திறந்து, பாடக் காணொலி ஓடத் தொடங்க ஏழு நிமிடங்கள் ஆயின.

அது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி மாதம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆறு வாரங்களே இருந்தன. "இதை வைத்துக்கொண்டு என்னால் படிக்க முடியாது அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். சோர்வோடு சொன்னதால் மனம் கேட்கவில்லை.

2019-இல் வாங்கிய கணினி அது. புதியது வாங்குவதென்றால் ஐம்பதாயிரம் ரூபாயாவது வேண்டும். அவளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கென வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகை ஒன்று, முதிர்வடைய ஐந்து மாதங்கள் இருந்த நிலையில் நினைவுக்கு வந்தது. முன்கூட்டியே எடுத்தால் வட்டி குறையும். அதைவிட, கட்டணம் கட்டும் நேரத்தில் கை வெறுமையாகிவிடும். என் மனைவிதான் தடுத்தார். "ஏங்க, எதனால் மெதுவாக ஓடுகிறது என்று தெரியாமலே பணத்தை எடுப்பானேன்? காய்ச்சலுக்குக்கூடக் காரணம் பார்த்துத்தானே மருந்து கொடுக்கிறோம்?" என்றார்.

அந்தக் கேள்வியே ஐம்பதாயிரம் ரூபாய்ச் செலவைச் சில ஆயிரங்களில் முடித்துவைத்தது. நாங்கள் செய்ததையும், செய்யத் தவறியதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பழைய மடிக்கணினி வைத்திருக்கும் எவருக்கும் இது பயன்படக்கூடும்.

நோய் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகம் திறக்கும். கணினியின் மூளையாகிய செயலி, தற்காலிக நினைவகமாகிய ரேம், நிரந்தரச் சேமிப்பிடமாகிய வட்டு ஆகியவை எந்த அளவுக்கு வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதை அது நூற்றுக்கு இத்தனை என்று காட்டும்.

எங்கள் கணினியில் செயலி பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. ரேமில் பாதிக்கு மேல் இடம் இருந்தது. வட்டு மட்டும் நூறு விழுக்காட்டிலேயே நின்றது. மூளை சும்மா இருக்க, கை மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். சேமிப்பிடத்தை மாற்றினால் பயனுண்டு என்பதற்கு இதுவே தெளிவான அடையாளம்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ரேம் 4 ஜிபி மட்டுமே இருந்து அது எப்போதும் நிரம்பி வழிந்தால், வட்டை மட்டும் மாற்றுவது பாதி வைத்தியம். அப்போது ரேமையும் 8 ஜிபி ஆக்க வேண்டும். செயலி ஓயாமல் நூற்றை எட்டினால் கணினியையே மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

உங்கள் கணினியில் இருப்பது எவ்வகை வட்டு என்பதை அறிய, விண்டோஸ் தேடல் கட்டத்தில் 'டிஃப்ராக்மென்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் வரும் பலகத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வட்டின் பெயருக்கு எதிரே அது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று குறிக்கப்பட்டிருக்கும்.

சுழலும் தட்டு, சுழலாத சில்லு

ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு ஓர் இயந்திரம். காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று சுழல, அதன்மேல் ஓர் ஊசிமுனைக் கை அங்குமிங்கும் நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகும். வேண்டிய இடம் கைக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை அவ்விடத்துக்கு நகரும் நேரமும் சேரும். எனவே வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு வினாடியில் நூறு முறைகூட அதனால் தேடி எடுக்க இயலாது. கணினியைத் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வதற்கோ நகர்வதற்கோ எதுவுமில்லை. சில்லுகளுக்குள் நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகத் தகவல் அடைபட்டிருக்கிறது. எந்த அறையையும் ஏறத்தாழ மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அணுகிவிடலாம்.

பழைய வங்கிக் கிளைகளை நினைத்துப் பாருங்கள். நம் கணக்குப் பேரேட்டைக் கொண்டுவர ஊழியர் ஒருவர் ஆவண அறைக்குப் போவார், அடுக்கைத் தேடுவார், தூசி தட்டி எடுத்து வருவார். அடுத்தவருக்காக மீண்டும் போவார். வன்தட்டின் வேலை அது. எல்லாப் பேரேடுகளும் மேசைமீதே விரித்து வைக்கப்பட்டிருந்தால் எப்படியோ, அதுவே எஸ்.எஸ்.டி.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு அமைப்பில், ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்த அமைப்பு 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம். சில்லில் சேமிக்கும் 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1980-களில் கண்டறிந்தவர், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா.

அதை வணிகப் பொருளாக்கிய வரலாற்றில் தில்லிக்கும் ஓர் இடம் உண்டு. 1988-இல் சான்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் சஞ்சய் மெஹ்ரோத்ரா. கான்பூரில் பிறந்து, தில்லி சர்தார் படேல் வித்யாலயாவில் படித்து, பிலானி வழியாக அமெரிக்காவின் பெர்க்லிக்குச் சென்றவர். அந்நிறுவனம் 1991-இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு வழங்கிய ஃபிளாஷ் சேமிப்பகத்தின் கொள்ளளவு 20 எம்பி. விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். மெஹ்ரோத்ரா 2017 முதல் தலைமை வகிக்கும் மைக்ரான் நிறுவனம், நினைவகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலையைக் குஜராத்தின் சானந்தில் அமைக்கப்போவதாக 2023-இல் அறிவித்தது.

கிட்வாய் நகர் சொல்லும் விளக்கம்

ஆயிரம் டாலருக்கு விற்ற பொருள் எப்படி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது? விடையை எங்கள் வீட்டுச் சாளரத்திலிருந்தே பார்க்கலாம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது எங்கள் குடியிருப்பு. கிழக்குக் கிட்வாய் நகரில் முன்பு இருந்தவை தாழ்வான அரசு ஊழியர் வீடுகள். வேப்பமர நிழலும் முற்றமுமாக அவை நிலத்தில் பரந்து கிடந்தன. அவற்றை அகற்றி என்.பி.சி.சி. நிறுவனம் வானுயர் கட்டடங்களை எழுப்பியபின், அதே நிலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழ இடம் உண்டாயிற்று. நிலம் வளரவில்லை, வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன.

ஃபிளாஷ் சில்லுகளுக்கும் இதுவே நேர்ந்தது. நுண்ணறைகளைத் தளத்தில் நெருக்கிக்கொண்டே போனதில் ஒரு கட்டத்துக்குமேல் சிறிதாக்க முடியாமல் போயிற்று. 2013-இல் சாம்சங் நிறுவனம் அறைகளை 24 அடுக்குகளாக மேல்நோக்கி அடுக்கிய சில்லுகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அடுக்குகள் இருநூறைக் கடந்துவிட்டன. ஒரே பரப்பில் பன்மடங்கு தகவல் குடியேறியதால் விலை இறங்கியது.

நேரு பிளேஸில் ஒரு சனிக்கிழமை

தில்லி ஹாட் – ஐ.என்.ஏ. நிலையத்தில் இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறி, லஜ்பத் நகரில் ஊதாத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் நேரு பிளேஸ். கணினிப் பொருள்களுக்குத் தலைநகரில் பெயர் பெற்ற சதுக்கம் அது. செல்வதற்கு முன் மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டோம்.

முதலாவது, எந்த வடிவம் என்பது. எங்கள் கணினியின் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தோம். இரண்டரை அங்குல வகையைச் சேர்ந்த, 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள, சாட்டா இணைப்புக் கொண்ட வட்டு அதில் பொருந்தும் எனத் தெரிந்தது. சில கணினிகளில் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வகைக்குத் தனி இடம் இருக்கும். எம்.2 வடிவிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உண்டு. ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். மிக மெல்லிய கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்றவே முடியாது.

இரண்டாவது, எவ்வளவு வேகம் என்பது. சாட்டா வகை வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். என்.வி.எம்.இ. வகை அதைப்போலப் பல மடங்கு வேகமுடையது. ஆனால் வன்தட்டிலிருந்து மாறுபவருக்குச் சாட்டா வகையே பெரும் வேறுபாட்டைக் காட்டிவிடும்.

மூன்றாவது, எவ்வளவு கொள்ளளவு என்பது. பழைய வட்டு ஒரு டெராபைட்டாக இருந்தும் நாங்கள் பயன்படுத்தியது 180 ஜிபி மட்டுமே. ஆகவே 500 ஜிபி போதும் என்று முடிவு செய்தோம்.

கடைக்காரர் பழைய வட்டைக் கொடுத்தால் சிறிது கழித்துத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம், காரணம் பின்னால் வரும். எஸ்.எஸ்.டி., பழைய வட்டை வெளியிலிருந்து இணைப்பதற்கான யு.எஸ்.பி. உறை, ஒரு சிறு திருப்புளி எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கின. சில்லுகளின் விலை ஏறி இறங்கும் இயல்புடையது. நீங்கள் வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. ரசீதில் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணை இட்டுச் சரிபாருங்கள். எண்ணூறு ரூபாய்க்கு 2 டெராபைட் என்று வரும் இணைய விளம்பரங்களின் பக்கம் போகாதீர்கள். அவை சிறு கொள்ளளவைப் பெரிதெனக் கணினியிடம் பொய் சொல்லும் போலிகள். இடம் நிரம்பியபின் எழுதப்படுபவை காணாமற்போகும்.

வேகத்தைத் தேடிப் போய், நோயைக் கண்டோம்

பழைய வட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே புதியதில் நகலெடுக்கும் மென்பொருள்கள் உள்ளன. அதை ஓடவிட்டு இரவு உறங்கச் சென்றோம். காலையில் வேலை பாதியில் நின்றிருந்தது. வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று மெல்லிய ஒலி வந்துகொண்டிருந்தது.

வட்டின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை அப்போதுதான் நிறுவிப் பார்த்தேன். பழுதடைந்து மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை எச்சரிக்கை நிறத்தில் இருந்தது. கணினி மெதுவாக ஓடியதற்கு முதுமை மட்டுமல்ல, மரணமும் காரணம். படிக்க முடியாத இடங்களை வட்டு திரும்பத் திரும்ப முயன்று பார்த்துக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் நகலெடுக்கவிட்டு நாங்களே அதன் கடைசி மூச்சைச் செலவழித்திருந்தோம்.

உடனே அதை நிறுத்திவிட்டு, மீண்டும் பெற முடியாதவற்றை மட்டும் முதலில் எடுத்தோம். மகளின் குறிப்புகள், செயல்முறைப் பதிவேடு, சான்றிதழ்களின் நகல்கள் எல்லாம் தப்பின. 2016-இல் திருக்கடையூரில் நடந்த என் தந்தையாரின் சதாபிஷேகப் படங்கள் இருந்த கோப்புறையில் 212 படங்கள் இருந்தன. அவற்றுள் 31 திறக்கவில்லை. தந்தையார் இப்போது இல்லை.

தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அந்த வருஷமே நீங்கள் கொடுத்த பென் டிரைவ் பீரோவில் இருக்கிறது அண்ணா" என்றாள். 31-இல் 27 படங்கள் திரும்பி வந்தன. நான்கு வரவில்லை. குளக்கரைப் படியில் அவர் தனியே அமர்ந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த படம் அந்த நான்கில் ஒன்று. நான் மட்டும் எடுத்தது. வேறு எவரிடமும் இல்லை.

எனவே வரிசையை நினைவிற் கொள்ளுங்கள். முதலில் வட்டின் உடல்நிலை, அடுத்து முக்கியக் கோப்புகளின் நகல், அதன் பின்னரே முழு நகலெடுப்பு. வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் முன்னரே தாளில் எழுதி வையுங்கள்.

வட்டு பழுதென்பதால் நாங்கள் நகலெடுப்பைக் கைவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாகவே நிறுவினோம். கணினியோடு வந்த உரிமம் தாய்ப்பலகையோடு இணைந்த எண்மின் உரிமமாதலால், இணையத்தில் இணைந்ததும் தானே உறுதிப்பட்டது. தனியாக விலை கொடுக்கத் தேவையில்லை.

பொருத்தும் வேலை அரைமணி நேரம்தான். கணினியை முழுதும் அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, முதலில் மின்கலத்தின் இணைப்பை விடுவிக்க வேண்டும். தில்லிக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது 'சுரீர்' என்று பொறி பறக்கும் அல்லவா? அந்த நிலைமின்சாரமே சில்லைக் கெடுக்கப் போதும். ஆகவே கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்ணம் பூசாத உலோகப் பரப்பு ஒன்றைத் தொட்ட பிறகே என் மகள் எஸ்.எஸ்.டி.யைக் கையிலெடுத்தாள். திருகாணிகளை அவிழ்த்த வரிசையிலேயே தாளில் ஒட்டி வைத்ததும் அவள்தான். இதில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் உத்தரவாதக் காலத்தைச் சரிபார்த்துவிட்டு, நம்பகமான பழுதுநீக்கும் மையத்தில் தம் கண்ணெதிரே செய்யச் சொல்லலாம்.

மூடியை மாட்டிப் பொத்தானை அழுத்தினோம். பதினெட்டு வினாடிகளில் திரை தயாரானது. மகள் காபியை எடுக்கவே இல்லை.

பழைய தட்டில் இருப்பது யாருடைய சொத்து?

அந்த வன்தட்டில் ஐந்து ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கைகள், படிவம் 16, பான், ஆதார் நகல்கள், உலாவி நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள் எல்லாம் இருந்தன. கோப்பை அழிப்பது பொருளடக்கத்திலிருந்து பெயரை நீக்குவது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். மீட்பு மென்பொருள் அவற்றை எளிதில் படித்துவிடும். கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவரிடமிருந்து அது யார் கைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

நல்ல நிலையிலுள்ள வன்தட்டை, முழுப்பரப்பையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளால் துடைத்த பின் கொடுக்கலாம். எங்களுடையதைப் போலப் பழுதானதில் எல்லா இடத்திலும் மேலெழுத இயலாது, உடைப்பதே வழி. மடிக்கணினி வட்டுகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்பு அணிந்தே உடைக்க வேண்டும். எஞ்சியதைக் குப்பையில் எறியாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

புதிய கணினியமைப்பில் வங்கிச் சேவையைத் தொடங்கும்போது முகவரியை நீங்களே தட்டச்சு செய்து செல்லுங்கள். பழுதுநீக்குபவரிடம் கணினி இருந்த நாட்களுக்குப் பின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பணமோசடி நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

ஆயுள் எவ்வளவு?

எஸ்.எஸ்.டி.யின் நுண்ணறைகளில் எழுத எழுதத் தேய்மானம் உண்டு. 500 ஜிபி சேமிப்பகம் ஒன்றுக்கு 300 டெராபைட் எழுதும் ஆயுளைத் தயாரிப்பாளர் உறுதியளித்தால், நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 40 ஆண்டுகள் வரும். அதற்குமுன் கணினியின் மற்ற பாகங்கள் ஓய்ந்துவிடும். ஆயினும் எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது வன்தட்டைப் போல முனகி எச்சரிப்பதில்லை; திடீரென்று மௌனமாகிவிடும். அழிந்த கோப்புகளை மீட்பதும் அதில் கடினம். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்கவும் அது உகந்ததன்று.

மற்றொன்றையும் கருத வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காத அளவுக்குப் பழையதென்றால், வட்டு மாற்றத்தில் செலவிடுமுன் இருமுறை சிந்தியுங்கள். வேகம் கிடைக்கும், இணையவழி வங்கிச் சேவைக்கு வேண்டிய பாதுகாப்பு கிடைக்காது.

எங்கள் வைப்புத்தொகை அந்த ஜூன் மாதத்தில் முழு வட்டியோடு முதிர்ந்து, கல்லூரிக் கட்டணமாயிற்று. மகள் இன்றும் அதே மடிக்கணினியைத்தான் கல்லூரிக்குக் கொண்டு செல்கிறாள். படங்களுக்கு இப்போது மூன்று பிரதிகள் உள்ளன: ஒன்று கணினியில், ஒன்று அலமாரியில் உள்ள வெளிவட்டில், ஒன்று தஞ்சாவூரில் தங்கையின் பீரோவில். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது அந்தப் பிரதியைப் புதுப்பித்து வருகிறோம். அந்த நான்கு படங்களுக்கு மட்டும் இடம் காலியாகவே இருக்கிறது.